அருளப்பன் அண்ணனின் கீழ்க்குரல்

போன வாரம் முட்டிவலித் தைலம் வாங்க, இங்கே சிங்கப்பூரில், செங்காங் பேரங்காடிக்குப் போயிருந்தேன். நவம்பரே பிறக்கவில்லை, அதற்குள் கிறிஸ்துமஸ் பாட்டு. லத்தீனில் ஒரு கூட்டுப்பாட்டு, வாத்தியமே இல்லாமல். ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். நின்று கேட்கிற வயசா இது? கையிலிருந்த தைல வாடையும் சேர்ந்துகொண்டது. அருளப்பன் அண்ணன் தோளில் எப்போதும் அடிக்கும் அதே வாடை.

அறுபதுகளில் நான் சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை விற்பனையாளன். அண்ணன் வெள்ளைக்காரக் கடற்படையின் கப்பல்பட்டறையில் சுத்தியலால் துரு தட்டுகிறவர். சட்டைத்துணி வாங்க வந்தவர் நான் விலை சொன்ன குரலைக் கேட்டு, "தம்பி, ஒன் குரல் கட்டையா இருக்கு. எங்க சர்ச்சுக்கு வா, பாட ஆள் பத்தல" என்றார்.

"நான் விபூதி பூசுறவன்ணே."

"நெத்தியாலயா பாடப் போற?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டேன்.

பாட்டுக்குழுவை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க கிளார்க். மாஸ்டர் என்போம். அந்த வருஷம் பல நூறு வருஷப் பழைய லத்தீன் பாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பெண்களுக்கு மெட்டு, நடுவில் ஒரு குரல், அடியில் நானும் அண்ணனும். லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடினோம். அர்த்தம் மாஸ்டருக்கே அரைகுறைதான் என்று இப்போது தோன்றுகிறது.

நானோ பஜனையில் வளர்ந்தவன். பக்கத்திலிருப்பவர் போகிற இடத்துக்கு நானும் போவதுதான் எனக்குச் சேர்ந்து பாடுவது. இங்கே அவரவர் சுரத்தில் தனியாக நிற்க வேண்டுமாம். இரண்டாவது வரியிலேயே நான் பெண்கள் பக்கம் போயிருப்பேன். "ஐசே, இது பஜனை இல்லை. உம்மட சுரத்தில நில்லும்!" என்று மாஸ்டர் கத்துவார்.

அண்ணனுக்கு வேறு சிக்கல். "துரு தட்டித் தட்டிக் காது பாதி கடல்ல விழுந்துடுச்சு தம்பி" என்பார். அடிக்குரல் கேட்கும், பெண்கள் பாடுவது கேட்காது. பெண்கள் தொடங்கிய பிறகுதான் நாங்கள் சேர வேண்டும், அதனால் அவருக்குத் தொடங்கும் இடம் தவறும். மூன்று ஒத்திகையில் தவறியது. "திருநாளண்டும் பிந்தினால், அருளப்பன் இனிச் சனத்தோட இருந்து கேக்கட்டும்" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாரம் பூரா சுத்தியல் சத்தம். என் காதுல பாட்டுன்னு விழறது இது ஒண்ணுதான். ஆரம்பிக்கிற எடத்துல முழங்கையால ஒரு இடி இடிச்சிடு, போதும்."

கிறிஸ்துமஸ் காலையில் இடித்தேன். சரியாகத் தொடங்கினார். வழுக்கியது நான்தான், வழக்கம்போல மெட்டுக்கு. நடுக்குரல்காரர்களும் என் பின்னாலேயே வந்துவிட்டார்கள். பெண்கள் குரல் காதில் விழாத அண்ணன் மட்டும் அசையவில்லை, தன் சுரத்திலேயே நின்றார். அவரைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தோம்.

வெளியே வந்ததும் மாஸ்டர், "அருளப்பன், நீர் இருக்குமட்டும் இந்தப் பாட்டு இருக்கும்" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "என்ன சொன்னாரு?"

காதருகே கத்திச் சொன்னேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு."

"கேக்கலையாண்ணே?"

"கேட்டுச்சு லா. இன்னொரு வாட்டி சொல்லு."

பிறகு வெள்ளைக்காரன் கிளம்பப் போகிறான் என்றார்கள், பட்டறையில் ஆள் குறைத்தார்கள். குடியுரிமை இல்லாத அண்ணன் நாகப்பட்டினம் கப்பலில் ஏறினார். அடுத்த வருஷம் அந்தச் சுரத்தில் தனியாக நிற்கப் பார்த்தேன். பத்து ஒத்திகை பார்த்தும் முடியவில்லை. மாஸ்டர் ஒன்றும் திட்டாமல் கீழ்க்குரலை எடுத்துவிட்டார்; அது போனதும் நடுக்குரலும் நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் ஒரே மெட்டில் பாடினோம். கேட்டவர்கள் ரொம்ப நன்றாக இருந்தது என்றார்கள். யாருக்கும் எதுவும் குறையாகத் தெரியவில்லை.