அந்தப் பக்கம் திரும்புங்க அண்ணி

வீடு கட்டுகிறவர்கள் அவளைப் பிளான் அக்கா என்பார்கள். மேஸ்திரிகளின் போனில் அவள் எண் அந்தப் பெயரில்தான் இருக்கும். சமையலறைக்குப் பக்கத்தில், முன்பு துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு துண்டு அறையில் மேசையைப் போட்டு, இருக்கிற மனைக்குள் வீட்டை அடக்கி வரைந்து கொடுப்பது அவள் தொழில். குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதற்காக ஒரு என்ஜினியரோடு மல்லுக்கு நின்றவள். கதவைத் திறந்தால் வாளியில் இடிக்குமே, நீங்கள் வாளி இல்லாமலா குளிக்கிறீர்கள் என்று கேட்டு அவரை வாயடைக்க வைத்தவள். அப்படிப்பட்டவள், தன் சொந்தக் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன மென்பொருள் போடக் கொழுந்தன் எப்போது வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆக வேண்டும். நாலு வருஷம் அப்படித்தான் நடந்தது.

கம்ப்யூட்டர் அவள் சம்பாத்தியத்தில் வாங்கியது. அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் கணவனின் தம்பி. வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை. லினக்ஸ் இலவசம், வைரஸ் தொல்லை குறைவு, வரைபட மென்பொருள் அதில் நன்றாக ஓடும் என்று அவன் சொன்னதெல்லாம் சரிதான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் போடும்போதே இரண்டு கணக்குகளை உண்டாக்கினான். ஒன்று அவன் பெயரில். எதையும் சேர்க்கவும் மாற்றவும் விடும் நிர்வாகி உரிமை அதற்கு மட்டும்தான். இன்னொன்று அவளுக்கு. அதற்கு அவன் வைத்த பெயர் யூசர் டூ.

அவளுக்கும் அந்த உரிமை வேண்டாமா என்று அன்றே கேட்டாள். "உங்களுக்கு எதுக்கு அண்ணி? தெரியாம எதையாவது அமுக்கி வச்சிடுவீங்க" என்று சிரித்தான். கணவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

அன்றிலிருந்து அப்டேட் போடுவதென்றாலும் சரி, புதிதாக ஒன்றைச் சேர்ப்பதென்றாலும் சரி, திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். அதில் சின்னவன் பெயர், அதன் கீழே பாஸ்வேர்ட் கேட்கும் கட்டம். அவள் போன் போடுவாள். அவன் தனக்குத் தோன்றும்போது வருவான். டீ குடிப்பான். "கொஞ்சம் தள்ளுங்க" என்று அவள் நாற்காலியில் உட்காருவான். அப்புறம், "அந்தப் பக்கம் திரும்புங்க அண்ணி" என்பான். பாஸ்வேர்ட் அடிக்கும்போது யாரும் பார்க்கக் கூடாதாம். அவள் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கணவனிடம் ஒருமுறை சொல்லி ஆற்றிக்கொள்ளப் பார்த்தாள். அவன்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறானே, உனக்கு என்ன கஷ்டம் என்றான். என்ன கஷ்டம் என்று அவனுக்கு எப்படி விளங்கும்? அவனை யாரும் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னதில்லையே.

இப்படி இருக்கும்போதுதான் பெரிய தாளில் அச்சடிக்கும் பிரிண்டர் ஒன்றை அவள் வாங்கினாள். கையில் அப்போது ஒரு குறுகல் மனை வேலை இருந்தது. இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். அதற்குள் ஒரு மாடிப்படியை, ஏறுகிறவர் தலை இடிக்காமல், கீழ் அறைக்கு வெளிச்சம் குறையாமல் நுழைக்க வேண்டும். வாரக்கணக்கில் அழித்து அழித்து வரைந்து, ஒருவழியாகப் படி உட்கார்ந்துவிட்டது. மறுநாள் மேஸ்திரி வந்து வரைபடத்தை வாங்கிப் போய் அஸ்திவாரத்துக்குக் கோடு போட வேண்டும். அச்சடிப்பதுதான் பாக்கி. பிரிண்டரை இயக்கும் மென்பொருளைப் போடச் சின்னவனைக் கூப்பிட்டாள்.

வந்தான், டீ குடித்தான், திரும்பச் சொன்னான். எங்கேயோ அனுமதி இல்லை என்று கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. அவனுக்கு ஏற்கெனவே கடைக்கு நேரமாகிவிட்டிருந்தது. கோப்புகளைக் காட்டும் ஜன்னலையே முழு நிர்வாகி அதிகாரத்தோடு திறந்து, இது என்ன சும்மா பர்மிஷன் பர்மிஷன் என்று முணுமுணுத்துக்கொண்டே அங்கே இங்கே தட்டினான். அப்புறமும் பிரிண்டர் ஓடவில்லை. நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுத் தன் பாஸ்வேர்டை அடித்தாள். திரை ஒரு கணம் இருண்டது. மறுபடி அதே பாஸ்வேர்ட் கட்டம் வந்து நின்றது. எத்தனை முறை அடித்தாலும் அதே கதை. மேஸ்திரி வேறு போனில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவரிடம் மறுநாள் தருவதாகக் கெஞ்சிவிட்டுச் சின்னவனைப் போனில் பிடித்தாள்.

"ஹார்ட் டிஸ்க் போயிருக்கும் அண்ணி. சாயங்காலம் வந்து ஃபார்மேட் போட்டுடறேன்."

"என் டிராயிங் எல்லாம் என்ன ஆகும்?"

"பழசு பென் டிரைவ்ல இருக்கும்ல? புதுசைத் திரும்ப வரைஞ்சுக்கலாம். உங்களுக்கு அது என்ன பெரிய வேலையா?"

போனை வைத்துவிட்டாள். உடம்பெல்லாம் எரிந்தது. கெடுத்தவன் அவன், அழிக்கப் போகிறவனும் அவன், திரும்ப வரைய மட்டும் அவளா? ஒரு படியை உட்கார வைக்க எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள் என்று அவனுக்கு என்ன தெரியும்!

கோபத்திலும் அவளுக்கு ஒன்று உறுத்தியது. டிஸ்க் போயிருந்தால் பாஸ்வேர்ட் கேட்கும் திரை எங்கிருந்து வருகிறது? வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டை அடித்துப் பார்த்தாள். தவறு என்று பளிச்சென்று சொன்னது. சரியானதை அடித்தால் உள்ளே விட்டுவிட்டு வெளியே தள்ளுகிறது. அப்படியானால் கோளாறு உள்ளே, அவள் கோப்புகள் எல்லாம் இருக்கும் ஃபோல்டரில். போனில் தேடித் தேடிப் படித்தாள். இதே நோவு பலருக்கு வந்திருந்தது. நிர்வாகி அதிகாரத்தோடு ஜன்னலைத் திறந்து கண்டபடி தட்டாதே என்று அத்தனை பேரும் தலையில் அடித்துக்கொண்டு எழுதியிருந்தார்கள்.

லினக்ஸ் போட்ட அன்று சின்னவன் விட்டுப்போன பென் டிரைவ் மேசை டிராயரில் கிடந்தது. அதைச் செருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கினாள். இப்படிச் செய்தால் டிஸ்க்கில் இருப்பதைத் தொடாமல் எட்டிப் பார்க்கலாம். எல்லாம் இருந்தது. மாடிப்படியும் இருந்தது. ஆனால் அவள் ஃபோல்டரும் அதற்குள் இருந்த அத்தனையும் யாருக்குச் சொந்தம் என்று பார்த்தால், நிர்வாகி பெயர் இருந்தது. தொல்லை தாங்காமல் மொத்தத்தையும் அந்தப் பெயருக்கு மாற்றிவிட்டுப் போயிருக்கிறான் மகராசன். அவள் ஃபோல்டரில் எழுத அவளுக்கே அனுமதி கிடையாது. எப்படி உள்ளே விடும்? முதல் காரியமாக எல்லாவற்றையும் ஒரு தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, அதில் மாடிப்படி திறக்கிறதா என்று பார்த்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். இனி எது போனாலும் படி போகாது.

பிறகு கம்ப்யூட்டரை, பழுது பார்ப்பதற்கென்றே இருக்கும் மீட்பு முறையில் கிளப்பினாள். பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் கறுப்புத் திரை வந்தது. முழு அதிகாரம் இப்போது அவள் கையில். உண்மையாகவே தெரியாமல் எதையாவது அமுக்கிவிட்டால் தடுக்க யாரும் இல்லை. அழி என்றால் கேள்வி கேட்காமல் அழித்துவிடும். வேண்டியதை மட்டும் செய், உடனே வெளியே வந்துவிடு என்று படித்தது நினைவில் இருந்தது. ஃபோல்டரை யூசர் டூ பெயருக்கு மாற்றும் கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தாள். என்டரைத் தட்டும் முன் வாய்விட்டு ஒருமுறை படித்தாள். சாய்கோட்டுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்திருந்தது. சாய்கோடு தனியாக நின்றால் மொத்தக் கம்ப்யூட்டரும் என்று அர்த்தம். அப்படியே தட்டியிருந்தால் அவள் ஃபோல்டர் மட்டுமல்ல, கம்ப்யூட்டரில் உள்ள எல்லாமே அவள் பெயருக்கு மாறி, ஒன்றும் ஓடாமல் படுத்திருக்கும். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, இடைவெளியை அழித்து, மறுபடி படித்துத்தான் தட்டினாள். அடுத்த கட்டளையில் யூசர் டூவை நிர்வாகிகள் குழுவில் சேர்த்தாள். வெளியே வந்தாள்.

இந்த முறை பாஸ்வேர்டை அடித்ததும் அவள் திரை வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில் இல்லை, இதற்காகவா இத்தனை காலம் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றோம் என்ற ஆத்திரத்தில். ஒரு அப்டேட் போட்டுப் பார்த்தாள். பெட்டி வந்தது. அவளுடைய பாஸ்வேர்டையே ஏற்றுக்கொண்டது. தன் உரிமை வேலை செய்கிறது என்று உறுதியான பிறகுதான் சின்னவன் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றினாள். அழிக்கவில்லை. அதில் அவன் போட்டோக்கள் ஏதோ கிடந்தன, இருந்துவிட்டுப் போகட்டும்.

சாயங்காலம் அவன் வந்தபோது அவள் வரைந்துகொண்டிருந்தாள். பிரிண்டரை மட்டும் அவன் வரட்டும் என்று தொடாமல் விட்டுவைத்திருந்தாள். கணவனும் வேலையிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் ஓடுவதைப் பார்த்ததும் சின்னவன், சில நேரம் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு போடு போட்டான். "தள்ளுங்க அண்ணி, அந்தப் பிரிண்டரை முடிச்சிடறேன்" என்றான். தள்ளினாள். அவன் பிரிண்டர் மென்பொருளைத் திறந்தான். பெட்டி வந்தது. வழக்கம்போல அவளைத் திரும்பச் சொல்லிவிட்டுத் தன் பாஸ்வேர்டை அடித்தான். தவறு என்றது. மறுபடி அடித்தான். மறுபடியும் தவறு. அப்போதுதான் அதில் இருந்த பெயரைப் பார்த்தான்.

"அண்ணி, இதுல யூசர் டூன்னு வருது."

"ஆமா. அது நான்தான். நீ வச்ச பேருதானே?"

அவன் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தான். இதெல்லாம் ஆபத்து, பழக்கமில்லாதவர்கள் தொடக் கூடாது என்று ஏதோ ஆரம்பித்தான். அவன் மாற்றிவிட்டுப் போன ஃபோல்டர் எந்தப் பெயரில் இருந்தது என்று அவள் சொன்னதும் நிறுத்திக்கொண்டான். கணவன்தான் நடுவில் வந்தான். "வீட்டுக்குள்ள என்ன இதெல்லாம்? அந்தப் பாஸ்வேர்டை அவனுக்கும் சொல்லிடேன்."

"நாலு வருஷமா இதை ஒரு தடவைகூட நீங்க அவன்கிட்ட சொல்லலையே" என்றாள் அவள்.

சின்னவன் நாற்காலியை விட்டு எழுந்தான். அவள் தன் இடத்தில் உட்கார்ந்து, விசைப்பலகையை அருகே இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் திரும்பு தம்பி."

அவன் காலண்டரைப் பார்த்துத் திரும்பினான். அவள் இன்னும் அடிக்காமல் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவனும் காலண்டர் பக்கம் திரும்பினான்.