கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் ஓட்டை

வண்டியின் கூரையை விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோகிறார் அக்கா. தர்பூசணி வாங்குகிறவர்களின் முகத்தில் இருக்கும் அதே சந்தேகம். ஒரு சாண் தள்ளி இன்னொரு தட்டல். உள்ளே குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது, வெறும் தகடு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ஏணிக்குக் கீழே பல் மருத்துவர் நிற்கிறார். வண்டி அவருடையது. இன்னும் முதல் சர்வீஸுக்கே போகாத வண்டி. ஒவ்வொரு தட்டலுக்கும் அவர் கண்ணை மூடித் திறக்கிறார்.

"இங்கதான்" என்று சொல்லி, காகித டேப்பை ஒட்டிப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுகிறார் அக்கா.

ஆண்டெனாவைப் பம்பரில் வைத்துக்கொள்ளலாமே என்று மருத்துவர் ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"வைக்கலாமே. காதை முழங்கால்ல வச்சுக்கிட்டா எப்படிக் கேக்குமோ அப்படிக் கேக்கும்."

சாலை முடிகிற இடத்தில் வண்டியை இறக்கி, மணலிலும் பாறையிலும் ஓட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. போன் வேலை செய்யாத அந்த இடங்களில், பள்ளத்தில் விழுந்தவர் பின்னால் வருகிறவரிடம் "இங்கே பள்ளம்" என்று சொல்ல ஒரு வழி வேண்டும். அதற்கான வாக்கி டாக்கி செட்டைத் தேர்ந்தெடுத்து வண்டிக்குள் பொருத்திக் கொடுப்பதுதான் அக்காவின் பிழைப்பு. கூரையின் நட்டநடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் ஓட்டை போட்டு ஆண்டெனாவை நிறுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. சுற்றிலும் தகடு விரிந்திருந்தால்தான் ஆண்டெனா எல்லாத் திசைக்கும் பேசும், எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும். இந்த நியாயத்தை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், அடுத்தவர் வண்டியாக இருக்கும்வரை. அவருக்கு 'ஓட்டை அக்கா' என்று பெயர் விழுந்தது இப்படித்தான். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தினமும் பத்துப் பேர் பல்லைத் துளைக்கிற மனிதர் நீங்கள், இதற்கா பயப்படுகிறீர்கள் என்று அக்கா மருத்துவரைச் சீண்டினார்.

"நான் ஊசி போட்டு மரத்துப்போக வச்சிட்டுத்தான் துளைப்பேன் அக்கா. எனக்கு இப்ப யாரு போடுவா?"

அக்கா சிரித்துவிட்டார். ஆனால் டிரில் மெஷினைக் கீழே வைக்கவில்லை.

கடை இரண்டு பகுதியாக இருக்கிறது. தெருப்பக்கம் கண்ணாடி அலமாரியும் கணவரும். பின்னால் தகரக் கொட்டகையும் அக்காவும். செட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது கணவரின் இலாகா. வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே "எத்தனை வாட்?" என்றுதான் கேட்பார்கள். பக்கத்து வண்டிக்காரனிடம் இருப்பதைவிட ஒன்றாவது கூட இருக்க வேண்டும். கணவர் பொறுமையாக விசாரிப்பார்: எத்தனை வண்டி சேர்ந்து போவீர்கள், மலையா சமவெளியா, கூட வருகிறவர்கள் என்ன செட் வைத்திருக்கிறார்கள், லைசென்ஸ் எடுத்தாயிற்றா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு மறுபடியும் வாட்டுக்கே வருவார்கள். அப்போது கொட்டகையிலிருந்து ஒரு குரல் வரும். "வாட்டு வாய் மாதிரி. ஆண்டெனா காது மாதிரி. உங்க கூட்டத்துல வாய்க்கு என்ன குறைச்சல்?"

கணவர் சாது. அவருக்கு ஒரே ஒரு பலவீனம்: மேக்னட். அடியில் காந்தம் வைத்த ஆண்டெனா, கூரைமேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், வேண்டாம் என்றால் கையோடு வந்துவிடும். ஓட்டை இல்லை, அழுகை இல்லை. கஸ்டமர் முகம் வாடினால் போதும், அலமாரியின் கீழ்த்தட்டுக்கு அவர் கை தானாகப் போய்விடும். கொட்டகைக்குக் கேட்காத குரலில், "இப்போதைக்கு இதை வச்சுப் பாருங்களேன்" என்பார். கொட்டகைக்குக் கேட்டுவிடும். இருவருக்கும் கல்யாணம் ஆனதிலிருந்து நடக்கிற ஒரே சண்டை இதுதான் என்கிறார் கணவர். மற்ற விஷயங்களில் சண்டை போடத் தனக்குத் தைரியம் வந்ததில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்ன இன்னொரு தகவலும் உண்டு. ஊரார் கூரையை எல்லாம் ஓட்டை போடுகிற இந்த அம்மாள், தன் வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடிக்க விடமாட்டாராம். சுவர்க்கடிகாரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. மகளின் கல்யாணப் போட்டோ சோபாவில் சாய்ந்திருக்கிறது. விருந்தாளி வந்தால் போட்டோவை எழுப்பிவிட்டுத்தான் உட்கார வேண்டும். அக்காவிடமே கேட்டேன். "சுவர் என்ன யார்கூடவாவது பேசப்போகுதா? எதுக்கு ஓட்டை?" என்றார்.

ஓட்டை போட்ட பிறகு விளிம்புக்குத் துருப்பிடிக்காத பூச்சு, மேலே ரப்பர் வாஷர், அதன்மேல் ஆண்டெனா. அதற்கடுத்த கட்டம்தான் அக்காவுக்குப் பிடித்தமானது. வண்டிக்காரரை உள்ளே உட்கார வைத்து, ஏணியில் ஏறி, ஒரு வாளித் தண்ணீரைக் கூரைமேல் கவிழ்ப்பார். சொட்டினால் தலையில் சொட்ட வேண்டும், அப்போதுதான் நம்புவார்கள். பல் மருத்துவர் அண்ணாந்து, வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். தன் நோயாளிகள் எந்த நிலையில் இருப்பார்கள் என்பது அவருக்கு அன்று புரிந்திருக்கும். ஒரு சொட்டும் விழவில்லை.

கடைசியாகச் சோதனை ஓட்டம். வண்டி பக்கத்திலிருக்கும் குன்றைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போக வேண்டும். அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டு, கையில் செட்டோடு கடை வாசலில் உட்காருவார். வண்டியில் ஏறமாட்டார். மேடுபள்ளத்துக்காகவே செய்த வண்டிகளோடு வாழ்நாளைக் கழிக்கிறவருக்கு, இரண்டாவது மேட்டிலேயே குமட்டிக்கொண்டு வந்துவிடும். ஓட்டிப்போகிறவர்கள் "ஹலோ ஹலோ, டெஸ்டிங்" என்றால் கோபம் வரும். "ஹலோன்னு சொல்றது பாதி விழுந்தாலே புரிஞ்சுடும். எனக்குத் தெரியாததா ஏதாவது சொல்லுங்க. அது புரிஞ்சாத்தான் செட் நல்லா இருக்குன்னு அர்த்தம்." அவருக்குத் தெரியாதது என்றால் சொந்த விஷயம்தானே. இப்படியே ஊரில் பாதிப்பேரின் குடும்பக் கதை குன்றின் பின்பக்கத்திலிருந்து அவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வண்டியின் உண்மையான விலை மனைவிக்குத் தெரியாது என்பதைப் பல் மருத்துவர் மிகத் தெளிவான ஒலியில் தெரிவித்தார்.

இப்பேர்ப்பட்டவர் வாயடைத்துப்போனதையும் நான் பார்த்தேன். மாப்பிள்ளை வந்த அன்று.

மகளுக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். மாப்பிள்ளை ஒரு ஜீப் வாங்கியிருந்தார். கரும்பச்சை. சீட்டில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழிக்கவில்லை. அடுத்த வாரம் நண்பர்களின் நாலைந்து வண்டிகளோடு, மகளையும் கூட்டிக்கொண்டு, டவரே இல்லாத பாறைக்காட்டுக்குப் போகிறார். அதற்குத்தான் செட் வைக்க இருவரும் வந்திருந்தார்கள். மகள் முதல் நாளே போன் செய்து, அவர் வண்டியைப் பற்றி நீ வாயைத் திறக்கவே கூடாது என்று அம்மாவிடம் வாக்கு வாங்கியிருந்தாள். வாக்குக் கொடுத்தபோது அக்காவுக்கு வண்டி போகிற இடம் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. வழி தப்பினால், வண்டி கவிழ்ந்தால், மகளுக்கு அந்த ஆண்டெனா ஒன்றுதான் வாய்.

மாப்பிள்ளை தங்கமான பையன். அதுதான் சிக்கல்.

"உங்களுக்கு எது சரின்னு தோணுதோ அதைச் செய்ங்க அத்தை" என்றார், கைக்குட்டையால் கதவைத் துடைத்தபடி.

"வண்டி உங்களுது. நீங்க சொல்றதுதான் மாப்பிள்ளை" என்றார் அக்கா. டிரில் மெஷின் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"இல்ல அத்தை, நீங்கதான் சொல்லணும்... மாமா ஏதோ மேக்னட்னு சொன்னாரு."

மாமா அதற்குள் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் முதல் வெற்றி. நடையே மாறியிருந்தது. "அதான் மாப்பிள்ளையே சொல்லிட்டாரே" என்று பெட்டியைப் பிரித்தார். அக்கா மகளைப் பார்த்தார். மகள் உதட்டின்மேல் விரலை வைத்தாள். அக்கா மேக்னட்டை வாங்கி, அடியைத் துணியால் துடைத்துக் கூரை நடுவில் வைத்தார். வயரைப் பின்கதவின் ரப்பருக்குள் செருகினார். செத்த எலியை அப்புறப்படுத்துகிறவரின் முகத்தோடு வேலை கச்சிதமாக முடிந்தது.

வண்டி குன்றைச் சுற்றப் போனது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். கணவர் பக்கத்தில் கைகட்டி நின்றார். சிறிது நேரத்தில் குன்றின் பின்னாலிருந்து மகளின் குரல், கூடத்திலிருந்து பேசுவதுபோல, சுத்தமாக வந்தது. மைக் கையில் கிடைத்தால் மகளும் அம்மா மாதிரிதான். அழுத்திய பட்டனை விடமாட்டாள். பட்டனை விட்டால்தான் எதிராளி பேச முடியும் என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை.

"தெரியாததா சொல்லணும்னு சொல்லுவியே, கேளு. இவர் தினம் எழுந்ததும் முதல்ல வண்டியைத்தான் போய்ப் பார்க்கிறார். அப்புறம்தான் என்னை."

கணவர் சத்தமாகச் சிரித்தார். "கேக்குதா?" என்றார் மனைவியிடம்.

"கேக்குது" என்றார் அக்கா, தேர்வில் தோற்ற பிள்ளையின் மார்க்கைச் சொல்வதுபோல. மகள் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். மேக்னட்டில் கேட்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் ஆசைப்பட்டவர் வேறென்ன செய்வார்.

"அம்மா, இன்னொண்ணு சொல்லணும். அங்க போறப்ப நாங்க" என்று மகள் ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு வெறும் கரகரப்பு.

அக்கா செட்டைக் காதோடு ஒட்டிவைத்தார். எழுந்து நின்றார். தெருவின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பினார். கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. குன்று மறைக்கிறது, வளைவு தாண்டினால் வந்துவிடும் என்று கணவர் தைரியம் சொன்னார். மேக்னட் போடாதே என்று எத்தனை தடவை சொன்னேன் என ஒரு வார்த்தை வரும் என்று அவரும் எதிர்பார்த்திருப்பார். வரவில்லை. மனைவி திட்டாமல் இருந்ததில்தான் அவருக்குப் பயம் வந்தது. அவரும் தெருக்கோடியைப் பார்க்க ஆரம்பித்தார்.

வண்டி ஒருவழியாக வந்து நின்றது. முன்கதவைத் திறந்து இறங்கும்போதே மகள் பேசிக்கொண்டுதான் இறங்கினாள். "அதனாலதாம்மா டென்ட்டு வேணாம், வண்டியிலயே தூங்கிக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். சரிதானே?"

நீ பேசினது பாதிக்குமேல் யாருக்கும் வரவில்லை என்று அப்பா சொன்னார். அவள் திகைத்துப்போனாள். ஒரு கிளை கூரையில் உரசியதாம். அதற்கப்புறம் ஏதோ டொக் டொக் என்று சத்தம், கல் தெறிக்கிறது என்று நினைத்தார்களாம்.

அக்கா அதையெல்லாம் கேட்கவில்லை. மகளின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கிளை தட்டிவிட்ட ஆண்டெனா, வயரின் நுனியில் காந்தத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. வரும் வழியெல்லாம் அது ஆடி ஆடிப் பின்கதவில் மோதியிருக்கிறது. கரும்பச்சையில் வெள்ளை வெள்ளையாக, பூனை ஏறப் பார்த்துச் சறுக்கிய மாதிரி, கீறல்கள். ஓர் ஓட்டைக்குப் பயந்த வண்டி.

மாப்பிள்ளை ஓட்டுநர் பக்கம் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கணவர் கதவைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். அக்காவின் ஒரு பார்வையில் அது மூடிக்கொண்டது. அடுத்த கணம் அக்கா இரண்டே எட்டில் பின்கதவுக்குப் போய், அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"உள்ள போய் டீ குடிங்க மாப்பிள்ளை. வெயில்ல வந்திருக்கீங்க."

மாப்பிள்ளை நகரவில்லை. கூரையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. வயர் கதவு இடுக்கிலிருந்து வெளியே வந்து, அத்தையின் முதுகுக்குப் பின்னால் போய் மறைந்தது.

"மேக்னட் கொஞ்சம் நகர்ந்திருக்கு" என்றார் அக்கா.

வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் இந்த நேரம் தெருவே அதிர்ந்திருக்கும். இடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்த ஒரு நீளக் கீறலை அவர் முழங்கையால் மூடப் பார்த்தார், எட்டவில்லை. மாப்பிள்ளை அந்தக் கீறலையும் முழங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். நகரச் சொல்லவில்லை. நேரே கடைக்குள் போனார்.

டீயை ஊற்றிக்கொண்டு பின்னால் ஓடிய மாமா, கோப்பையும் கையுமாக அவர் பின்னாலேயே திரும்பி வந்தார். மாப்பிள்ளையின் கையில் டிரில் மெஷின் இருந்தது. பிறந்த குழந்தையை வாங்கியவர்போல, அதை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

"எங்க போடணும்னு நீங்களே சொல்லுங்க அத்தை."

கதவிலிருந்து முதுகை எடுக்காமலே, மெஷினை வாங்க அக்கா ஒரு கையை மட்டும் நீட்டினார்.