கெசையா நகர்த்திய சுவர்

கெசையா பன்டிங் ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஊருக்குத் துணி வெளுப்பவள். போட்ட துணி காய்வதற்குள் ஊரை நாலு தடவை சுற்றி வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தாலும் கதவோரம் நிற்பாள், பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே வெளியே போய்விடுவாள். காலில் சக்கரம் கட்டியவள் என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், எனக்கென்ன தெரியும்.

எங்களுடையது நானூறு வருஷத்துக் கோயில். புதுப் பாதிரியார் அதைப் பழைய அழகுக்குக் கொண்டுவருகிறேன் பேர்வழி என்று சுண்ணாம்பைச் சுரண்டினார், நாலு பக்கமும் பலகை அடைத்த பழைய இருக்கைகளைப் பிடுங்கினார். ஏழைகள் உட்கார வடக்கே ஒரு பக்கம் சேர்த்துக் கட்டவும் சொன்னார். மேஸ்திரி நான். கோயிலைச் சுற்றிக் கல்லறைகள்தான், ஆனால் வடக்கே மரியாதைப்பட்ட யாரையும் புதைப்பதில்லை. வெறும் புல்லும் முள்ளும்தான். அங்கே முளையடித்து நூல் கட்டினேன்.

அன்றிலிருந்து கெசையா அங்கேயே பழியாகக் கிடந்தாள்.

"எவ்வளவு ஆழம் தோண்டுவீங்க மேஸ்திரி?"

"அஞ்சடி. ஏன், நீ வந்து தோண்டப் போறியா?"

"நூல் இங்கதான் ஓடணுமா?"

"துணி வெளுக்கிறவளுக்குச் சுவரைப் பத்தி என்ன? போய் வேலையைப் பாரு."

மறுநாள் மதியம் ரொட்டி தின்னப் போனோம். திரும்பி வந்து, நூலை நம்பிக் குழி வெட்டினோம். சரிபார்க்காதது என் தப்பு. மூன்றாம் நாள், குழியில் கல் இறக்கிய பிறகுதான் மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு கோடியில் சுவர் இரண்டடி வெளியே ஓடியிருந்தது. முப்பது வருஷத் தொழிலில் அப்படி ஒரு மானக்கேடு எனக்கு வந்ததில்லை. ஆட்களைக் கண்டபடி ஏசினேன்.

கெசையா குறுக்கே வந்தாள். "அவங்களைத் திட்டாதீங்க. முளையை நான்தான் புடுங்கி நட்டேன்."

"பைத்தியமா உனக்கு?"

"உங்க நூலுக்கு நேர் கீழ என் புள்ள இருக்கான். பதினோரு வருஷமாச்சு. ஞானஸ்நானத்துக்கு முன்னாடியே போயிட்டான். அப்ப இருந்த பாதிரியார் கல்லறையில சேத்துக்க மாட்டேன்னுட்டார். நானே தோண்டி நானே மூடினேன். மண்வெட்டியில எலும்பு வந்தா என்ன பண்ணுவீங்க? வண்டியில போட்டு வயல்ல கொட்டுவீங்க."

கொட்டியிருப்போம். கிழக்கு மூலையில் வந்த எலும்பையெல்லாம் அப்படித்தான் கொட்டினோம்.

அந்த நேரம் பார்த்துப் பாதிரியார் வந்தார். "ஏன்யா, சுவர் கோணலாப் போகுது?"

இடித்துக் கட்டச் சொன்னால் குழி மறுபடி பழைய நூலுக்கே வரும்.

"கீழ பழைய அஸ்திவாரம் தட்டுப்பட்டுச்சுங்க ஐயா" என்றேன். "அந்தக் காலத்து ஆளுங்க இப்படித்தான் போட்டிருக்காங்க."

அவர் முகம் மலர்ந்துபோனது. "அப்ப அப்படியே இருக்கட்டும். ஒரு கல்லையும் மாத்தாதே."

உள்ளே தரையை நான் ஒரு அங்குலம்கூடத் தோண்டவில்லை. மேலேயே மண் கொட்டிக் கல் பாவினேன். கோயிலுக்கு ஆகாத பிள்ளை கோயிலுக்குள் வந்துவிட்டான். நாரிச் நகரத்திலிருந்து வருகிறவர்கள் அந்தக் கோணல் சுவரைப் பார்த்து இன்றைக்கும் என் கையைத்தான் பழிக்கிறார்கள். பழிக்கட்டும்.

திறந்த முதல் ஞாயிறு, கெசையா அந்தச் சுவரோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பிரசங்கம் பாதிகூட ஆகவில்லை, சுவரில் தலை சாய்த்து வாய் திறந்து குறட்டை விட்டாள். கோயில் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் லார்வுட் அவளைத் தட்டி எழுப்பக் கோலோடு எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"எழுப்பினீங்க, கோலை ஒடிச்சிருவேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார்.