பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியட்

இந்தியா மறுபடியும் தோற்றது. பள்ளி விட்டதும் செம்மங்குப்பம் டீக்கடையில் உட்கார்ந்து, நானும் எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியாரும் என் செல்போனில் அந்தக் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்தோம். கோல் கம்பத்துக்கு நேரே நின்றுகொண்டு பந்தைப் பின்பக்கம் தள்ளிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோச்சு என்னத்த கத்துக்குடுக்குறான்? இம்மாம் பெரிய நாட்டுல பதினெட்டு வயசுல ஒருத்தன் தேறலியா? சின்னப் புள்ளயிலயே புடிச்சிப் பழக்க வேணாமா?" என்று கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது.

கணக்கு வாத்தியார் டீயை ஊதிக்கொண்டே கேட்டார்: "போர்ஷன் முடியல. நாளைக்கும் பத்தாம் வகுப்பு பி.டி. பீரியட எனக்குக் குடுத்துடுறீங்களா சார்?"

பி.டி. வாத்தியார் நான்தான். அவ்வளவு நேரம் கத்திய அதே வாயால், "எடுத்துக்குங்க சார்" என்றேன்.