தலையாட்டலை நம்பாத அல்மாஸ்

அல்மாஸ் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி, எங்களுக்கு வேலை ஒதுக்கும் அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தியாக வந்தது. அவர் நாளை உரைபெயர்க்க இருந்த வழக்குகளை வேறு ஆட்களுக்கு மாற்றியிருக்கிறார்களாம். ஸ்காபரோ பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அழக்கூட அலுப்பாக இருந்தது.

அகதி வழக்குகளில் உரைபெயர்க்கப் போய், ஒரே காத்திருப்பு அறையில் அவருடன் வருடக்கணக்காக இருந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். "எத்தியோப்பிய மொழி" என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். அப்பா பேசியது அம்ஹாரிக், அம்மா பேசியது வொலைத்தா, பக்கத்து வீட்டில் ஒரோமோ. "எங்கள் ஊரில் சந்தைக்குப் போய்வரவே மூன்று மொழி வேண்டும். இங்கே ஃபைலில் மொழிக்கு ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள்" என்பார்.

தெற்கு எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒரு தாயின் வழக்கு நினைவிருக்கிறதா? ஃபைலில் அம்ஹாரிக் என்றிருந்தது. விசாரணைக்கு முன் நாங்களெல்லாம் "விளங்குதா?" என்று கேட்போம், வந்தவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். அல்மாஸ் அக்காவோ, காலையில் என்ன சமைத்தீர்கள் என்று கேட்பார். அந்தத் தாய் அதற்கும் தலையாட்டினார். "இது மரியாதைக்கு ஆட்டும் தலை. சிடாமா மொழி தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்" என்று அல்மாஸ் அக்கா எழுந்து வந்துவிட்டார். வழக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அந்தத் தாயே தன் மொழியில் அழுது திட்டினார்.

"உவவுக்கு என்ன விசரே? வந்த வேலையைச் செய்துபோட்டுப் போறதுதானே?" என்று அல்மாஸ் அக்காவைப் பற்றிச் சொன்னார், எங்களோடு உரைபெயர்க்கும் ரவி அண்ணை. நானும் சிரித்தேன்.

போன மாரியில் சிலாபம் பக்கத்து மனிதர் ஒருவரின் வழக்கு எனக்கு வந்தது. பெயர் தமிழ், வீட்டில் பேசுவது சிங்களம். பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் "விளங்குதா?" என்றேன். "ஓம், ஓம்" என்றார். இடையில் அவர் தடுமாறியது தெரிந்தும், களைப்பில் விசாரணையை நிறுத்தச் சொல்லாமல் தொடர்ந்துவிட்டேன். பதில்கள் முரண்படுகின்றன என்று வழக்கை நிராகரித்தார்கள்.

அல்மாஸ் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் தேற்றவில்லை. "அவருடைய வழக்கறிஞருக்கு எழுது. பிழை உன்னுடையது என்று எழுது. மேன்முறையீட்டில் அவருக்கு வேறு துணையில்லை." எழுதினால் என் வேலை போய்விடும். எழுதிவிட்டாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில், எழுதிவிட்டேன் என்று பொய் சொன்னேன். தன் பிளாஸ்கிலிருந்து எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். வருகிறவர்களையெல்லாம் கேள்வி கேட்டுச் சோதிக்கிற மனுசி, என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ரெக்ஸ்டேலில் நடந்த இறுதிச் சடங்கில் அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா உங்களைப் பற்றி நிறையச் சொல்லுவா. தன்ர பிழையைத் தானே எழுதிக் குடுத்த ஆள் எண்டு" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னது என் காதில் இப்படித்தான் விழுந்தது. நன்றி என்றேன்.

வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அந்தக் கடிதத்தை எழுதி அனுப்பினேன். மேன்முறையீடு இன்னும் முடியவில்லை. என் வேலை என்னவாகும் என்று தெரியாது.

அல்மாஸ் அக்கா எனக்கு விட்டுப்போனது நான் உழைக்காத ஒரு நல்ல பெயர். அதை வைத்திருக்கவும் கூசுகிறது. உண்மையைச் சொல்லித் திருப்பிக் கொடுக்க அவரும் இல்லை.