மூன்றாம் நம்பரில் ஒரு அழுகைப் பாட்டு

டீக்கடைக்குப் போனால் மாஸ்டர் தானாக என்னைப் பார்க்கும்வரை நிற்கிற ஆள் நான். "ஒரு டீ" என்று குரல் கொடுக்க எனக்கு வராது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் குடித்து முடித்து கிளாசைக் கழுவப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பத்தாவதோடு படிப்பு நின்றதால் வந்த கூச்சம் என்று சிலர் சொல்வார்கள். இல்லை, படிக்கும்போதும் இப்படித்தான். வருகைப் பதிவில் என் பெயர் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்தான் "இருக்கான் சார்" என்பான்.

அப்படிப்பட்டவனுக்கு ப்ரௌசிங் சென்டர் மாதிரி ஒரு இடம் கிடைத்தது பெரிய பாக்கியம். யாரிடமும் பேச வேண்டியதில்லை. உள்ளே போனதும் உரிமையாளர் விரலை நீட்டி எந்த சிஸ்டம் என்று காட்டுவார், போய் உட்கார வேண்டியதுதான். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் காலண்டர் கடையில் நான் வேலை பார்த்தேன். மத்தியானம் முதலாளி கல்லாவிலேயே கண்ணயரும் நேரத்தில், இரண்டு கடை தள்ளி மாடியில் இருந்த அந்த சென்டருக்குப் போய்விடுவேன். பிளைவுட் தடுப்புகள், நாற்காலியில் கிழிந்த ரெக்சின், சுவரில் 'பாட்டு, படம் டவுன்லோடு செய்யக் கூடாது' என்று சிவப்பு மையில் ஒரு அட்டை. எனக்கு எப்போதும் மூன்றாம் நம்பர்தான். ஜன்னலை ஒட்டி, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி உட்காரலாம்.

எதற்குப் போனேன் என்றால், துணுக்குக்காக. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு துணுக்கு அச்சடித்திருப்பார்கள். ஒட்டகம் எத்தனை நாள் தண்ணீர் குடிக்காமல் இருக்கும், அந்த மாதிரி. கட்டுக் கட்டாகக் காலண்டர் பிரித்து அடுக்குகிறவனுக்கு அதெல்லாம் ஜனவரி மாதமே தீர்ந்துவிடும். இன்டர்நெட்டில் தீரவே இல்லை. எழுத்துக் கூட்டித்தான் இங்கிலீஷ் படிப்பேன், படம் இருந்தால் பாதி புரிந்துவிடும். தொப்புளில் சேரும் பஞ்சை வருடக்கணக்காகச் சேர்த்து பாட்டிலில் போட்டு வைத்திருக்கும் ஒரு மனிதரைப் பார்த்தேன். கைகோத்துக்கொண்டு தூங்கும் நீர்நாய்களைப் பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு தீயணைப்பு நிலையத்தில் நூறு வருடத்துக்கு மேலாக எரிந்துகொண்டிருக்கும் குண்டு பல்பு ஒன்றைப் பார்த்தேன். அதற்கு எதிரே கேமரா வைத்து, அது எரிவதை உலகத்துக்கே காட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் போனது.

அந்த பல்பு படத்தை சிஸ்டத்தில் சேமித்துவிட்டு எங்கே போனது என்று தெரியாமல் தேடும்போதுதான் அந்த ஃபோல்டர் கண்ணில் பட்டது. பெயர் 'ஏ' என்று ஒற்றை இங்கிலீஷ் எழுத்து. உள்ளே ஒரே ஒரு பாட்டு. அதற்கும் பெயர் இல்லை, 'ஒன்று' என்று எண் மட்டும். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். ஒரு கிதார், ஒரு கிழட்டுக் குரல், பலகைத் தரையில் காலால் தட்டுகிற சத்தம். பழைய ரெக்கார்டு போல, பின்னால் மழை பெய்கிற மாதிரி இரைச்சல். ஒரு வரியைப் பாடிவிட்டு அதையே இன்னொரு தடவை பாடினார், முதல் தடவை சொன்னது தனக்கே நம்பிக்கையாக இல்லை என்பது போல. ஒரு வார்த்தை புரியவில்லை. அந்த இசைக்கு ப்ளூஸ் என்று பெயர் இருப்பதும் அப்போது தெரியாது. மத்தியானம் முழுக்க அதையே கேட்டுவிட்டுக் கடைக்குத் தாமதமாகப் போனேன்.

கேட்டதற்குப் பதிலாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. பல்பு படத்தை அந்த ஃபோல்டரில் வைத்து, கீழே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி விவரம் எழுதினேன். மறுநாள் 'இரண்டு' வந்திருந்தது. நான் நீர்நாயை வைத்தேன். 'மூன்று' வந்தது. அப்படியே ஆடி, புரட்டாசி, தீபாவளி என்று போனது. எதிராளி ஒரு வார்த்தை எழுதியதில்லை. நானும் யார் என்று கேட்டதில்லை. கிதார் வைத்திருக்கும், தாடி விட்ட காலேஜ் பையன் என்று மனதில் ஒரு உருவம் வைத்திருந்தேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி, "கம்ப்யூட்டருக்குள்ளயும் போயி ஒரு மூலையாப் பாத்து உக்காந்துக்கிட்டீங்களாக்கும்" என்றாள்.

டிசம்பர் வந்தால் காலண்டர் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் என்று எல்லாப் பக்கத்துக் கடைக்காரர்களும் தங்கள் பெயர் அச்சடித்த காலண்டருக்கு வந்து நிற்பார்கள். பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனதாக ஒருவர் சண்டை போடுவார், முருகன் கேட்டால் பிள்ளையார் வந்துவிட்டதாக இன்னொருவர். அந்த மாதம் சென்டர் பக்கமே போக முடியவில்லை. வருடம் முடிவதற்கு முந்தின நாள் ஒருவழியாக மாடி ஏறினால், உரிமையாளர் ஒவ்வொரு சிஸ்டத்தின் மேலும் ஒரு துண்டுத்தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் வைரஸ், நாளை சாயங்காலம் கூட்டம் முடிந்ததும் எல்லா சிஸ்டத்தையும் ஃபார்மட் போடப்போகிறார், வேண்டியதை எடுத்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது.

ஃபோல்டரைத் திறந்தேன். பாட்டெல்லாம் அப்படியே இருந்தது. 31 சாயங்காலம் எல்லாம் அழியப்போகிறது என்று எழுதி வைத்தேன். அந்த ஆள் அதற்குள் வந்து படிக்காவிட்டால் தீர்ந்தது. ஃபோல்டரே இல்லாமல் போனதைப் பார்த்து, நான்தான் அழித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளலாம். முகமே தெரியாத ஒருவருக்கு நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று எப்படிச் சொல்வது?

சிடி போட்டுக் கொடுத்துவிடலாம். அதற்கு உரிமையாளரிடம் பேச வேண்டும், அதுவும் அந்தச் சிவப்பு அட்டைக்குக் கீழே நின்றுகொண்டு. வீட்டுக்குப் போனேன், மனைவியிடம் சொன்னேன். "போயி கேளுங்க. வாயா வலிக்குது?" என்றாள். திரும்பி வந்து மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனேன்.

உரிமையாளருக்கு நான் அண்ணன், எனக்கு அவர் அண்ணன். மதுரையில் அதற்கு வயது பார்ப்பதில்லை. மூன்றாம் நம்பரில் கொஞ்சம் பாட்டு இருக்கிறது, ரெண்டு சிடி போட வேண்டும் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"அந்த அழுகைப் பாட்டாண்ணே?" என்றார். "எனக்குத் தெரியுமே. அழிச்சிரலாம்னு ஒருநாள் போட்டுப் பாத்தேன். பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

யார் வைத்தது என்று அவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நம்பரில் காலையிலிருந்து எத்தனையோ பேர் உட்காருகிறார்கள், யார் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பது என்றார். நாளைக்கு மட்டும் பழகின ஆட்கள் எல்லோரும் வாழ்த்து அனுப்ப வருவார்கள், வேண்டுமானால் வந்து உட்கார்ந்து பாருங்கள் என்று யோசனை சொன்னார்.

மறுநாள் கடை வேலை மத்தியானத்தோடு முடிந்தது. இரண்டு சிடியையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய், மூன்றாம் நம்பரில் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆக ஆகக் கூட்டம் சேர்ந்தது. பூவும் பட்டாசும் அசைகிற வாழ்த்து அட்டைகளை அனுப்பப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். தாடி வைத்த காலேஜ் பையன் யாராவது வருகிறானா என்று வாசலையே பார்த்தேன். வந்த இரண்டு தாடிகளும் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துவிட்டுப் போய்விட்டன. மூன்றாம் நம்பரை யாரும் தேடி வரவில்லை.

உரிமையாளர் மேசையில் இரண்டு ஸ்பீக்கர் உண்டு, அதில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. பாட்டை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டால், தெரிந்தவர் திரும்பிப் பார்ப்பார். எழுந்து போய் அவர் காதில் சொன்னேன். அவர் சிடியை வாங்கவில்லை, நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார். "நீங்களே போடுங்கண்ணே. என்னை அடிக்க வந்துருவாய்ங்க."

அந்த நாற்காலி எல்லோரையும் பார்த்தபடி இருக்கும். உட்கார்ந்தேன். சினிமாப் பாட்டை நிறுத்தி 'ஒன்று' போட்டேன். இரைச்சலும் கிதாரும் கிளம்பியதும் தடுப்புகளுக்கு மேலே தலைகள் முளைத்தன. எல்லாம் முறைக்கிற தலைகள்.

"அண்ணே, யாரு வீட்டுலண்ணே எழவு?" என்றான் வரிசையில் நின்ற ஒருவன்.

"மாப்ள, வருசம் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள பாடைய எடுத்துட்டாய்ங்கடா" என்றான் அவன் கூட்டாளி.

சிரிப்பு. என் காது சுட்டது. கூட்டம் ஓடிவிடும் என்று பயந்தோ என்னவோ, உரிமையாளரும் ஸ்பீக்கர் திருகின் மேல் கையை வைத்தார். அப்போது கடைசித் தடுப்புக்கு மேலே ஒரு பெண்மணி எழுந்து நின்றார்.

"அத நிறுத்தாதீங்க" என்றார். "முடியட்டும்."

என் வயதுதான் இருக்கும். கையில் சேலைக் கடைப் பை. கீழவாசல் பக்கம் சேலை வியாபாரம் செய்யும் சௌராஷ்டிரக் குடும்பம் என்று பின்னால் தெரிந்தது. பாட்டு முடிகிறவரை அப்படியே நின்றார். முடிந்ததும் மேசைக்கு வந்தார்.

"அது நான் எறக்குன பாட்டு. அந்த பல்பு படம் வச்சது யாரு?"

"நான்தாங்க."

தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தார். "எட்டாவது படிக்கிற பையன்னுல்ல நெனச்சேன்."

சென்டரே சிரித்தது. உரிமையாளர் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடச் சத்தம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாடி வைத்த காலேஜ் பையனைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அவருடைய தம்பி சிகாகோவில் வேலையாக இருந்தார். அங்கே இரவாகும் நேரம் இங்கே காலை என்பதால், தம்பியோடு எழுதிப் பேச அவர் காலையில் வருவார். நான் மத்தியானம். அதனால்தான் பார்த்துக்கொண்டதே இல்லை. அன்று மட்டும் வாழ்த்துச் சொல்ல, அவன் எழுகிற நேரம் பார்த்துச் சாயங்காலம் வந்திருந்தார். தம்பி தனியாக ஒரு அறையில் இருக்கிறான், வேலை முடிந்து வந்தால் இந்த மாதிரிப் பாட்டைத்தான் ஓடவிடுகிறான், என்ன பாட்டு என்று கேட்டு அவன் சொல்லச் சொல்ல இறக்கிக்கொண்டேன் என்றார். வார்த்தை புரிகிறதா என்று கேட்டேன். முன்பின் தெரியாதவரிடம் நானாகக் கேட்ட கேள்வி.

"ஒண்ணும் புரியாது. எப்புடி இருக்கன்னு கேட்டா நல்லா இருக்கேன்னுதான் அவன் சொல்லுவான். என்ன பாட்டு கேக்குறான்னு தெரிஞ்சா எப்புடி இருக்கான்னு தெரிஞ்சுரும்ல."

அவரே தொடர்ந்தார். நான் வைத்த துணுக்குகளை எல்லாம் அன்றன்றைக்குத் தம்பிக்கு அனுப்பிவிடுவாராம். தொப்புள் பஞ்சுக்காரரைப் பார்த்துவிட்டு அவன் அம்புட்டு சிரித்தானாம்.

ஒரு டீ கேட்கத் துப்பில்லாதவன் சொன்னது சிகாகோ வரைக்கும் போயிருக்கிறது. அவசரமாக சிடியை எடுத்து நீட்டினேன். துணுக்குகளும் அதில் இருக்கின்றன என்றேன். வீட்டில் சிடி போட ஒன்றும் இல்லை, இருந்தாலும் கொடுங்கள் என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். தம்பி லைனில் வந்திருப்பான் என்று தன் தடுப்புக்குப் போனார். போகும்போது, "வாரேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

ஒன்றாம் தேதி கடை விடுமுறை. இரண்டாம் தேதி மத்தியானம் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தேன். புதிதாகக் கழுவிவிட்ட தரை மாதிரி சிஸ்டம் சுத்தமாக இருந்தது. திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர். பெயர் 'ஏ'. பாட்டு இல்லை. ஒரு சின்ன எழுத்து ஃபைல் மட்டும். இத்தனை மாதத்தில் அவர் எழுதிய முதல் வார்த்தைகள், என்னைப் போலவே இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

'பல்பு இன்னும் எரியுது. அங்க தம்பி பாத்தான். இங்க நான் பாத்தேன்.'

துணுக்கை அவர் வைத்துவிட்டார் என்றால், பாட்டு வைக்க வேண்டியது நான். அந்த மாதிரிப் பாட்டை எங்கே தேடுவது, எப்படி இறக்குவது, எதுவும் எனக்குத் தெரியாது. சிவப்பு அட்டை சுவரில் அப்படியேதான் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அண்ணே" என்று உரிமையாளரைக் கூப்பிட்டேன்.

சத்தம் பத்தவில்லை போல. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.