மஞ்சப் பொட்டில் இரண்டு உம்மா

வறுத்த அரிசியும் பழந்தோலும் கலந்த வாசம் எங்கேயாவது மூக்கில் ஏறினால், ஐம்பதைத் தாண்டிய இந்த வயதிலும் நான் போகிற வேலையை விட்டு நின்றுவிடுவேன். பரங்கிப்பேட்டையில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருந்த பிஸ்கட் தகரத்தின் வாசம் அது. சிங்கப்பூரில் வேலை பார்த்த வாப்பா ஒரு விடுப்பில் கொண்டுவந்து விட்டுப்போன காமிரா தன் தோலுறையோடு அதற்குள்தான் இருந்தது. கடற்காற்றில் ஈரம் ஜாஸ்தி, கண்ணாடிக்குள் பூசணம் பிடித்துவிடும் என்று அவர் எச்சரித்திருந்ததால், உம்மா வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கைப்பிடி அரிசியை வறுத்து, பழந்துணியில் முடிந்து அதன் பக்கத்தில் வைப்பாள். தினமும் சாயங்காலம் காமிராவை எடுத்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, அதன் மூடியைப் போட்டு, திரும்ப வைப்பாள். பெற்ற பிள்ளையான என் முகத்தைக்கூட அவள் அத்தனை பதமாகத் துடைத்ததில்லை என்று நான் கோபித்துக்கொண்டதுண்டு.

அந்தக் காமிராவின் சங்கதியைச் சொல்லாவிட்டால் இன்றைய ஆட்களுக்கு விளங்காது. நாம் கண்ணை வைக்கும் ஜன்னல் ஒரு மூலையில் தனியாக இருக்கும். படம் பிடிக்கும் கண்ணாடி நடுவில் தனியாக இருக்கும். இதற்குத் தெரிவது அதற்குத் தெரியாது. ஜன்னலுக்குள் நடுவில் மஞ்சளாகச் சின்னதாய் ஒரு சதுரம், எங்கள் வீட்டில் அதற்கு "மஞ்சப் பொட்டு" என்று பெயர். அதற்குள் எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரியும். கண்ணாடியைச் சுற்றிய வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று படியும்போது பொத்தானை அழுத்த வேண்டும். "ரெண்டும் ஒண்ணாவுற வரைக்கும் அவசரப்படாத. மூடியக் கழட்டுனா ஒடனே சட்டைப் பையில போட்டுடு" என்பார் வாப்பா. அவர் சட்டையில் பை இருந்தது. பதினோரு வயதுப் பெண்ணின் பாவாடை சட்டையில் எங்கே பை இருக்கும்? நான் மூடியை உம்மா கையில் கொடுத்துவிடுவேன்.

உம்மாவைப் படம் எடுத்தவர் யாருமில்லை. எங்கள் வீட்டு நிக்காஹ்களில் அப்போது பெண்களைப் படம் எடுக்கும் வழக்கமில்லை, சிதம்பரத்தில் ஸ்டுடியோ இருக்கிறதே என்று யாராவது சொன்னால், "அந்நிய ஆம்பள எம் மொகத்தத் தண்ணியில போட்டு அலசுறதா?" என்று கேட்டுச் சிரிப்பாள். அவள் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோதுதான் வாப்பாவின் கடிதம் வந்தது. ஒரே ஒரு படம் வேண்டும், பிள்ளையே எடுக்கட்டும், ஃபிலிம் ரோலைக் கழுவாமல், கப்பலேறிச் சபர் வருகிறவர் கையில் கொடுத்தனுப்பினால் இங்கே கழுவிக்கொள்கிறேன், நான் மட்டும் பார்ப்பேன் என்று எழுதியிருந்தார். எங்கள் தெருவிலிருந்து அப்படிக் கழுவாத ரோல்கள் அடிக்கடி கடல் தாண்டும். "அங்க கழுவுறவன் மட்டும் ஆம்பள இல்லியாக்கும்?" என்று கேலி பேசினாலும், கடிதத்தை அன்றைக்கு மூன்று முறை எடுத்துப் படித்தாள்.

ஒரு முற்பகலில், முற்றத்தில் நல்ல வெயில் விழுந்திருந்தபோது, பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். நான் மூடியைக் கழற்றி வழக்கம்போல அவளிடம் கொடுத்து, காமிராவையும் பிடிக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டேன். ஆற்றுமுகத்துக் காற்று மணலோடு வீசியது. உம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைப்பதை ஓரக்கண்ணால் பார்த்தேன். நான் திரும்பி வந்ததும் காமிரா வாரை என் கழுத்தில் மாட்டிவிட்டு, போய் உட்கார்ந்தாள்.

"எங்கடி பாக்கணும்?"

"நடுவுல கண்ணாடி இருக்குல்ல, அதையே பாரு உம்மா."

"ஒரே கறுப்பால்ல இருக்கு?"

"அது அப்படித்தான் இருக்கும். பேசாத, அசையாம இரு."

மகா கெட்டிக்காரி நான்! அவள் வாயை மூடிக்கொண்டாள். மஞ்சப் பொட்டில் இரண்டு உம்மா தெரிந்தார்கள். வளையத்தைத் திருகினேன், இருவரும் நெருங்கி வந்து ஒரே உம்மாவானார்கள். ரோலில் மிச்சமிருந்த நான்கையும் எடுத்தேன். நாலாவதில் அவள் சிரித்துவிட்டாள். அதற்குள் யாரோ கதவைத் தட்ட, நான் திறக்க ஓடினேன். என் கழுத்திலிருந்து காமிராவைக் கழற்றித் தகரத்தில் வைத்தவள் அவள்தான்.

ரோல் போன மறுவாரம் உம்மாவுக்கு நாள் வராமலே வலி கண்டது. வாடகைக் காரில் கடலூருக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காரிலேயே துணி போட்டு மூடித் திரும்பக் கொண்டுவந்தார்கள். குழந்தையும் தங்கவில்லை. வாப்பாவுக்குத் தந்தி போயிற்று. அவர் வந்து சேர ஐந்து மாதமாயிற்று.

வந்தவர், கழுவிய ஃபிலிமை என்னிடம் நீட்டினார். பக்கத்து வீட்டு ஆடு, படகில் ஏறி நின்ற பிள்ளைகள், கொடியில் காயும் துணி, எல்லாம் பிசிறில்லாமல் விழுந்திருந்தன. கடைசி நான்கில் ஒன்றுமே இல்லை. வெளிச்சம் பட்ட இடம்தான் ஃபிலிமில் கறுக்கும். அந்த நான்கும் பளிங்குபோல இருந்தன.

"மூடியக் கழட்டுனியாம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. கழற்றிக் கொடுத்த மூடியை நான் அவளிடமிருந்து திரும்ப வாங்கவே இல்லை. தினமும் சாயங்காலம் செய்வதைப்போல, துடைத்த கையோடு அவளே போட்டிருக்கிறாள். பின்னால் நின்று ஜன்னல் வழியே பார்த்த எனக்கு அது தெரியவில்லை. முன்னால் உட்கார்ந்து பார்த்தவள் ஒரே கறுப்பாக இருக்கிறதென்று வாய்விட்டுச் சொன்னாள். நான்தான் பேசாதே என்றேன்.

"மறந்துட்டேன் வாப்பா" என்றேன்.

"சரி, விடு" என்று கிணற்றடிக்கு முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. மௌத்தாகும் வரை அவர் அதைப் பற்றிப் பேசவுமில்லை, காமிராவைத் தொடவுமில்லை. உம்மா சொன்னதை நானும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னை இரண்டு அறை அறைந்திருப்பார், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது சிதம்பரத்தில் குடியிருக்கிறேன். பரங்கிப்பேட்டை வீடு கைமாறி, முற்றத்தின்மேல் தளம் போட்டுவிட்டார்கள். தகரம் துருப்பிடித்து உதிர்ந்துபோயிற்று. காமிராவை மட்டும் இன்னும் துடைத்து வைக்கிறேன். போன மாதம் அதன் ஜன்னலில் மஞ்சப் பொட்டைக் காணவில்லையே என்று ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். "உள்கண்ணாடியில பூச்சு போயிடுச்சுக்கா. இனிமே ரெண்டா தெரியாது. இதுக்குப் பார்ட்ஸும் கெடைக்காது" என்று கையில் கொடுத்துவிட்டார்.

உம்மாவின் குரல் எனக்கு நினைவிருக்கிறது. பச்சைச் சேலையும், கழுத்துக் கருகமணியும், அரிசி வறுத்த கையும் நினைவிருக்கின்றன. முகம் வரவில்லை. எத்தனையோ வருடமாக வரவில்லை. தன் நன்னி, என் உம்மா, எப்படி இருப்பார்கள் என்று என் மகள் கேட்டால் என்னத்தைக் காட்டுவது? யாரும் வீட்டில் இல்லாதபோது அந்த ஃபிலிமை எடுத்து, கடைசி நான்கையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறேன். அவற்றின் வழியே எதிர்வீட்டுச் சுவர் தெளிவாகத் தெரிகிறது.